கொட்டை எழுத்துக்காரி

அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் சம்பளப் பிரிவுக்காரர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நேரில் அவள் அக்கா. முதுகுக்குப் பின்னால் கொட்டை எழுத்து. அந்தப் பட்டப்பெயர் எப்போதோ அவள் காதில் விழுந்துவிட்டது. விழுந்துவிட்டது என்று அவர்களுக்கும் தெரியும். இரண்டு பக்கமும் தெரியாததுபோல் இருந்துகொண்டார்கள். சாப்பாட்டு அறைக் குழாய்க்கு மேலே 'இறுக்கி மூடவும்' என்று அவள் ஒட்டிவைத்திருந்த தாளைப் பார்த்த யாரும் பெயர் பொருத்தமில்லை என்று சொல்லமாட்டார்கள். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே அதைப் படிக்கலாம். குழாய் மட்டும் சொட்டிக்கொண்டேதான் இருந்தது.

சுகாதார அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், இரண்டு ஜன்னல்களில் ஒன்று பெயிண்ட் அடித்ததில் ஒட்டிக்கொண்டு திறக்காமல் போன அறை அவளுடையது. வெயில் திரையில் விழாமல் இருக்க அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒரு மறைப்பு செய்து மானிட்டரின் தலையில் கவிழ்த்திருந்தாள். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குறிப்புத்தாள்: இது எதற்கு, எப்படிச் சாப்பிடுவது, எதோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. மருந்தாளுநர் எழுதித் தருவார். அவள் அதை எச்.டி.எம்.எல். பக்கமாக்கி இணையத்தில் ஏற்றுவாள். பதினொரு வருடத்தில் முந்நூற்று நாற்பது தாள்கள். அதற்கு முன்னால் பதினான்கு வருடம் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு தட்டச்சுக் கடையில் மனுக்கள் அடித்துக்கொண்டிருந்தாள். ஆக, கால் நூற்றாண்டாக அடுத்தவர் சொன்னதை அழகாகப் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு.

அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பக்கம் முடிந்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். எழுத்து எதுவும் தெரியக்கூடாது, கறுப்பும் வெள்ளையும் மட்டும் தெரியவேண்டும். எங்கே கறுப்பு குறைச்சலாக இருக்கிறதோ அங்கே ஒரு வரியைத் தடிமனாக்குவாள். எங்கே பக்கம் விறைப்பாக இருக்கிறதோ அங்கே ஒரு சொல்லைச் சாய்ப்பாள். பதினொரு வருடத்தில் ஒரு குறிப்புத்தாளையாவது முதலிலிருந்து கடைசிவரை படித்திருக்கிறாளா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். படிப்பது மருந்தாளுநர் பாடு. பார்ப்பதுதான் தன் வேலை என்று அவள் உறுதியாக நம்பினாள்.

வீட்டில் அவளும் அவளுடைய அண்ணனும். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். அண்ணன் முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து, ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருக்கும்போது முழுசாகப் போய்விட்டது. அவர் இன்னமும் தங்கையை பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். பாப்பாவுக்கு நாற்பத்தாறு வயது.

பார்வை போனபிறகும் மனிதர் சும்மா இருக்கவில்லை. முகத்தைத் தானே மழித்துக்கொள்வார். சட்டையின் பொத்தான்களைத் தடவிப் பார்த்தே எது நீலம், எது வெள்ளை என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அடுப்பு மட்டும் வேண்டாம் என்றாள், ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு விஷயத்தில்தான் இருவருக்கும் ஏழாம் பொருத்தம்: மாத்திரை டப்பா. வாரத்தின் ஏழு நாளுக்கும் நாளுக்கு மூன்று அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா. கண் போன புதிதில் ஒருமுறை காலை மாத்திரைக்குப் பதில் ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மத்தியானம்வரை தூங்கிவிட்டார். அன்றைக்கு அவள் டப்பாவை எடுத்துச் சமையலறை அலமாரியில் வைத்துப் பூட்டியவள்தான். வேளாவேளைக்கு அவர் உள்ளங்கையை நீட்டவேண்டும், அவள் வைப்பாள். மத்தியான வேளைக்கு எதிர்வீட்டுத் தையல்காரரிடம் சாவி.

"நாப்பது பேரை ஏத்திக்கிட்டு மழையில பாலத்து மேல வண்டி ஓட்டினவன் நான். என்னை நம்பி ஒரு டப்பாவைக் குடுக்க மாட்டேங்கிற," என்பார்.

"அப்போ கண்ணு இருந்துச்சு அண்ணா."

"ஆமா, இப்போ மூளையும் போயிடுச்சு பாரு."

இந்தப் பேச்சு வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கும். அவள் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். அத்தோடு முடிந்துவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அலுவலகத்தில் தொலைபேசித் திட்டம் வந்தது. படிக்க முடியாதவர்கள் ஒரு எண்ணுக்கு அழைத்து, மருந்தின் நான்கு இலக்க எண்ணை அழுத்தினால், இயந்திரக் குரல் குறிப்புத்தாளை வாசித்துக் காட்டும். அதைச் செய்ய வந்த மென்பொருள்காரருக்கு கமா என்று பெயர் வைத்தார்கள். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்கமாட்டார். நடுவில் நின்று, கூரையைப் பார்த்து, திரும்பி வந்து மிச்சத்தைச் சொல்வார்.

முதல் நாளே அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவளுடைய பக்கங்களின் உட்புறத்தைத் திரையில் திறந்து, ஒவ்வொரு தடித்த எழுத்துக்கும் முன்னும் பின்னும் அவள் போட்டிருந்த 'பி' டேக்கை, கணினிக்கு மட்டும் புரியும் அந்தக் குறியைக் காட்டினார்.

"அக்கா, இந்த பி இருக்கே... இது வெறும் மை. தடிமனா காட்டுன்னு சொல்லுது, அவ்வளவுதான். இதுக்குப் பதிலா ஸ்ட்ராங்னு ஒரு டேக் இருக்கு. அது... சேதி. இந்த வரி முக்கியம்னு சொல்லுது."

"திரையில என்ன வித்தியாசம்?"

"ஒண்ணுமில்ல. ரெண்டும் தடிமனாத்தான் தெரியும்."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குப்பா ரெண்டு?"

"பார்க்கிறவங்களுக்கு ஒண்ணுமில்ல. மெஷினுக்கு..." கூரையைப் பார்த்தார். "மெஷினுக்குக் கண்ணு இல்லையே."

சாய்ந்த எழுத்துக்கும் அப்படியே இரண்டு இருந்தன. 'ஐ' போட்டால் சும்மா சாயும். மருந்துச் செடியின் லத்தீன் பெயருக்கு அது போதும். 'எம்' போட்டால் அந்தச் சொல்லை அழுத்திச் சொல்கிறோம் என்று அர்த்தம். 'சாப்பிடக் கூடாது' என்பதில் வரும் கூடாதுக்கு அது வேண்டும். கமா எழுதியிருந்த நிரல், ஸ்ட்ராங்குக்குள் இருப்பதையெல்லாம் முதலில் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'முக்கியம்' என்று சொல்லி, நிதானமாக வாசிக்கும். எம் வந்தால் குரல் அழுத்தும். பியும் ஐயும் அதன் கணக்கிலேயே வராது. ஆகவே முந்நூற்று நாற்பது தாள்களிலும் அவள் தடிமனாக்கிய ஒவ்வொரு இடத்தையும் பார்த்து, இது அழகுக்கா, அவசியத்துக்கா என்று முடிவுசெய்து மாற்றவேண்டும். மூன்று மாதம் அவகாசம்.

"ஸ்ட்ராங்குன்னு டீயைத்தான் சொல்லிக் கேட்டிருக்கேன்," என்றாள் அவள். கமா சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் அவருக்கு நேரம் பிடிக்கும்.

அவள் நேர்மையாகத்தான் ஆரம்பித்தாள். முதல் தாளில் இருபத்தாறு தடித்த இடங்கள். எதற்காகப் போட்டோம் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. அச்செடுத்துக்கொண்டு மருந்தாளுநரிடம் போனாள்.

"இதுல எதெல்லாம் முக்கியம் சார்?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எல்லாமே முக்கியம்தான். முக்கியமில்லாததை நான் எதுக்கு எழுதப் போறேன்?"

"எல்லாத்தையும் முக்கியம்னு மெஷின் வாசிச்சா கேக்கிறவங்க தாங்க மாட்டாங்க சார். ஒண்ணு ரெண்டு சொல்லுங்க."

அவர் ஒரு மஞ்சள் பேனாவை எடுத்து அரைப் பக்கத்துக்குப் பூசிக் கொடுத்தார். சட்டப் பிரிவு அம்மாள் 'இந்த அலுவலகம் பொறுப்பாகாது' என்ற வரிதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்றார். இயக்குநரோ அலுவலகத்தின் பெயர் விட்டுப்போகக்கூடாது என்று சொல்லியனுப்பினார். ஆளுக்கு ஆள் இழுத்ததில் ஒரு தாளுக்கு அரை நாள் ஆனது. மூன்று வாரத்தில் முப்பத்தெட்டு தாள்கள். அந்த முப்பத்தெட்டையும் அவள் ஒழுங்காகவே செய்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டோ மூன்றோ ஸ்ட்ராங், மிச்சமெல்லாம் பழைய பி. அதைச் செய்ய அவள் படிக்கவேண்டியிருந்தது. படிப்பது அவளுக்குச் சலிப்பாக இருந்தது. பக்கம் பார்க்க முன்பு இருந்தது போலவேதான் இருக்கிறது. பிறகு எதற்கு இந்த மாரடிப்பு என்று தோன்றியது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மருந்தாளுநர் மூன்றாவது முறையாக "அப்புறம் வாங்க" என்று சொல்லியனுப்பிய பிறகு, அவள் இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். மிச்சமிருந்த முந்நூற்றிரண்டு கோப்புகளையும் ஒன்றாகத் திறந்தாள். தேடி மாற்றும் பெட்டியை வரவழைத்து, மேல் கட்டத்தில் பி என்றும் கீழ்க் கட்டத்தில் ஸ்ட்ராங் என்றும் தட்டினாள். பொத்தானை அழுத்தினாள். ஏழாயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டு மாற்றங்கள் என்று திரை சொன்னது. நான்கு விநாடிகூட ஆகவில்லை.

நாற்காலியைத் தள்ளி, கண்ணைச் சுருக்கி, நாலு பக்கங்களைத் திறந்து பார்த்தாள். எல்லாம் அச்சு அசல் அப்படியே இருந்தன. அவள் மனசாட்சி ஒரு முணுமுணுப்பும் எழுப்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தப்பாக இருக்கமுடியும் என்று அதற்கும் பழக்கமில்லை. வேலை முடிந்தது என்று எழுதி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

திட்டம் தொடங்கிய அன்று இயக்குநர் எல்லார் முன்னிலையிலும் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு முதல் தாளைக் கேட்டார். முதல் தாள் அவள் ஒழுங்காகச் செய்தவற்றில் ஒன்று. கமா தன் பங்குக்கு இரண்டாவதையும் மூன்றாவதையும் கேட்டுப் பார்த்தார். வரிசையில் முன்னால் நிற்பவர்களைப் பார்த்துவிட்டு எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டுவது அந்த அலுவலகத்தின் பழக்கம். கைதட்டினார்கள்.

அவள் வீட்டுக்குப் போய் அண்ணனிடம் பெருமையாகச் சொன்னாள். சொன்னது வினையாகிவிட்டது. அவர் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ எனக்கு வாசிச்சுக் காட்ட ஆள் வந்தாச்சு. டப்பாவைக் குடு."

"அண்ணா..."

"ஒரு மாசம். நானே பிரிச்சு வைக்கிறேன், நானே எடுத்துக்கிறேன். நீ திறந்துகூடப் பார்க்கக் கூடாது. ஒரு தப்பு பண்ணினேன்னா டப்பா உனக்கே. ஆயுசுக்கும் வாயைத் திறக்க மாட்டேன்."

அவள் யோசித்தாள். அலுவலகம் முழுக்கக் கைதட்டிய சாதனத்தை வீட்டில் நம்பமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கொடுத்துவிட்டாள்.

மூன்று வாரம் அவர் வீட்டில் ராஜா மாதிரி நடந்தார். ஒவ்வொரு மாத்திரையின் எண்ணையும் பேருந்துத் தட எண் போல மனப்பாடம் செய்திருந்தார். தெரிந்த மாத்திரைக்கும் தினம் ஒருமுறை அழைத்துக் கேட்பார். மளிகைக் கடைக்குத் தையல்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு போய்வந்தவர், இப்போது தடியைத் தட்டிக்கொண்டு தானே முனைவரை போய்த் திரும்பினார். வாசலில் நின்று தெருவில் போகிறவர்களை வம்புக்கு இழுத்தார்.

"உங்க ஆபீஸ் பொண்ணு நல்லாத்தான் பேசுது பாப்பா," என்றார் ஒருநாள். "என்ன, எதையெடுத்தாலும் முக்கியம் முக்கியம்ங்குது. எங்க டிப்போ மேனேஜர் மாதிரி."

அவள் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

நாலாவது வாரம் மருத்துவர் அவருடைய ரத்த அழுத்த மாத்திரையை மாற்றினார். தையல்காரர்தான் கூட்டிப்போயிருந்தார். மருத்துவர் வாயால் ஒன்றும் விளக்காமல் விவரத்தைச் சீட்டில் எழுதினார். சீட்டு அண்ணனின் சட்டைப் பையில் மடிந்து கிடந்தது. மருந்துக் கடையில் புது மாத்திரையின் எண்ணைச் சொல்லியனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் அழைத்தார், கேட்டார், டப்பாவின் காலை அறைகளில் புது மாத்திரையையும் சேர்த்து வைத்தார். பழையதை எடுக்கவில்லை. இரண்டு நாள் இரண்டும் சேர்ந்து உள்ளே போயின. மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்து கதவு நிலையில் மோதினார். தையல்காரர் சத்தம் கேட்டு ஓடிவந்தார். புருவத்தில் மூன்று தையல். "ரெண்டையும் சேர்த்துப் போட்டிருக்காரு, அழுத்தம் ஒரேயடியா இறங்கிடுச்சு. தலையில ஆழமா படாம இருந்தது புண்ணியம்," என்றார் மருத்துவமனையில் இருந்த செவிலி.

அன்று மாலை அவள் டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பயம் கோபமாக வெளியே வந்தது.

"காதால கேட்டீங்களா, இல்ல கையில போனை வச்சுக்கிட்டு தூங்கிட்டீங்களா? பழசை நிறுத்தணும்னு அதுல இருக்குமே!"

"கேட்டேனே பாப்பா."

"கேட்டிருந்தா எப்படி விழுவீங்க?"

"அது எல்லாத்தையும் முக்கியம்னு சொல்லுச்சு. எல்லா ஸ்டாப்புலயும் இறங்கு இறங்குன்னு கத்தினா பயணி எதுலதான் இறங்குவான்?" பிறகு குரலை இறக்கி, "முழுசா கேட்டேன்னுதான் நினைச்சேன். நடுவுல விட்டிருப்பேனோ என்னவோ," என்றார்.

சாக்கு சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். ஆனாலும் அவர் ஆயுசில் சாக்கு சொல்லி அவள் கேட்டதில்லை. அந்த உறுத்தலில்தான் மறுநாள் அலுவலகத்தில், அறைக் கதவைச் சாத்திவிட்டு, அந்த எண்ணுக்கு அழைத்தாள். பதினொரு வருடத்தில் தான் செய்த பக்கம் ஒன்றை முதல்முறையாகத் தனியே, முழுசாகக் காதால் கேட்டாள்.

முக்கியம், என்றது குரல். நோயாளிகளுக்கான மருந்துக் குறிப்பு. முக்கியம். மருந்தின் பெயர். முக்கியம். வடிவம். முக்கியம். வட்ட மாத்திரை. முக்கியம். எப்படிப் பாதுகாப்பது. முக்கியம். தொடர்புக்கு. முக்கியம். வேலை நேரம். அவள் விரல் விட்டு எண்ணினாள். அலுவலகத்தின் பெயர் இரண்டு முறை வந்தது. பதினேழாவதாக, அதே குரலில், அதே நிதானத்தில், முக்கியம், இதைத் தொடங்கும் நாளிலேயே பழைய அழுத்த மாத்திரையை நிறுத்திவிடவும் என்றது. உடனே பதினெட்டாவது வந்தது: முக்கியம், பக்கம் ஒன்று.

அந்தத் தாளில் வேறு எதுவும் முக்கியமே இல்லை. ஒரு வரிதான். அந்த வரியின் தலையில் பதினாறு பேரை ஏற்றி உட்காரவைத்தது தன் விரல் என்று அவளுக்கு விளங்கியது.

கமாவின் அறைக்குப் போய் நேராகவே சொன்னாள். "ஒவ்வொண்ணா பார்க்கலை. மொத்தமா மாத்திட்டேன்." கமா பதிவேட்டைத் திறந்தார். தேதி, நேரம், அவளுடைய அடையாளம், ஏழாயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டு. எல்லாம் இருந்தன. திட்டவில்லை. 'முக்கியம்' என்று சொல்வதை அப்போதைக்கு நிறுத்திவைத்து, சரிசெய்யாத தாள்களை மேலிருந்து கீழாக வெறுமனே வாசிக்கும்படி மாற்றினார். ஒரு மணி நேரத்தில் அது முடிந்தது. இயக்குநர் கேட்டது ஒரே கேள்விதான். "புகார் ஏதாவது வந்திருக்கா?"

"வரலை சார்," என்றாள். எழுத்தில் எதுவும் வரவில்லைதான்.

அன்றைக்கே அண்ணனுடைய மாத்திரையின் தாளைத் திருத்தினாள். பிறகு மற்றவை. இந்த முறை படித்தாள். மருந்தாளுநரைத் தன் அறைக்கு இழுத்துவந்து, கமா எடுத்துவைத்திருந்த பழைய வாசிப்பின் பதிவைத் தொலைபேசியில் கேட்கச் சொன்னாள். பன்னிரண்டாவது முக்கியத்தில் அவர் போனைக் கீழே வைத்துவிட்டு மஞ்சள் பேனாவையும் கீழே வைத்தார். அதற்குப் பிறகு நாளுக்குப் பத்துத் தாள் நகர்ந்தது. ஒரு தாளுக்கு ஒரு ஸ்ட்ராங், மிஞ்சினால் இரண்டு. தலைப்புகளுக்குத் தலைப்பு டேக். அழகுக்காகத் தடித்திருந்ததெல்லாம் பழையபடி பி ஆயிற்று, பாதி இடங்களில் அதுவும் வேண்டாமென்று எடுத்தாள். சட்டப் பிரிவு அம்மாளோடு மட்டும் இரண்டு நாள் சண்டை நடந்தது. அவருடைய வரி சாதா எழுத்தில் அடியில் போய் உட்கார்ந்தது.

அலுவலகத்தில் ஒப்புக்கொள்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது. வீட்டில் முடியவில்லை. எல்லாத் தாளையும் முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே நாள் குறித்தாள். அது நியாயமாகவும் பட்டது. அரைகுறை வேலையோடு போய் எப்படி மன்னிப்புக் கேட்பது? உள்ளே வேறொன்றும் இருந்தது, அதை அவள் அதிகம் கிளறவில்லை. டப்பா அலமாரியில் இருக்கும்போது அவளால் நிம்மதியாக வேலைக்குப் போகமுடிந்தது. பந்தயத்தில் தோற்றவர் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு வேண்டியது அதுதானே.

அவர் நிஜமாகவே வாயைத் திறக்கவில்லை. முதல் வாரம் அது அவளுக்கு வசதியாக இருந்தது. இரண்டாம் வாரம் அவர் மளிகைக் கடைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு முகம் மழிப்பதையும் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை தையல்காரரை வரச்சொல்லி மழித்துக்கொண்டார். சட்டையை எடுத்தால், "இது எந்தக் கலர் பாப்பா?" என்று கேட்டார். தண்ணீர் குடிக்கவும் கேட்டார். சொல்லப்போனால், கேட்கக்கூட இல்லை. அவள் வரும்வரை உட்கார்ந்திருந்தார். தையல்காரர் அவளை வாசலில் நிறுத்தி, "என்னம்மா, ஆள் ஒரேயடியா அடங்கிட்டாரு? நம்ம மூளையும் மங்கிப்போச்சு போலன்னு என்கிட்ட சொல்றாரு," என்றார். அவள் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு உள்ளே வந்தாள்.

கடைசித் தாள் முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலை, காப்பி ஆறுவதற்குள், அவள் அவர் கையில் தொலைபேசியைக் கொடுத்து அந்த எண்ணை அழுத்தச் சொன்னாள்.

"எதுக்கு? நீதான் எடுத்துக் குடுக்கிறியே."

"சும்மா கேளுங்க அண்ணா."

அவர் அழுத்தினார். எண்ணை மறக்கவில்லை. குரல் ஒரே ஒரு முறை முக்கியம் என்றது. இதைத் தொடங்கும் நாளிலேயே பழைய அழுத்த மாத்திரையை நிறுத்திவிடவும் என்றது. பிறகு வழக்கமான குரலில் மிச்சத்தை வாசிக்கத் தொடங்கியது. அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"இது அன்னைக்கு இல்ல."

"இருந்துச்சு. பதினேழாவதா இருந்துச்சு." அவள் நின்றுகொண்டே சொன்னாள், உட்காரத் தோன்றவில்லை. "நான்தான் அப்படி வச்சேன். ஒவ்வொண்ணா பார்க்கச் சொன்னாங்க, நான் மொத்தமா மாத்திட்டேன். நீங்க சரியாத்தான் கேட்டீங்க. தப்பு உங்க மேல இல்ல அண்ணா."

அவர் புருவத்துத் தழும்பை ஒருமுறை தடவினார்.

"உனக்கு இது எப்போ தெரியும்?"

பொய் சொல்லலாம். நேற்றுத்தான் என்று சொல்லியிருக்கலாம். "நீங்க விழுந்த மறுநாள்," என்றாள்.

"இன்னைக்கு எத்தனாம் நாள்?"

அவள் எண்ணி வைத்திருந்தாள். "நாப்பத்தி மூணு."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை என்று இருந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டினார், வழி கேட்டுத் தெரிந்துகொண்டவர்போல. அவள் அலமாரியைத் திறந்து டப்பாவைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"இது உங்களோடது. இனிமே நான் தொட மாட்டேன்."

அவர் டப்பாவின் மேல் கை வைத்தார், திறக்கவில்லை. "எனக்கு இப்போ பயமா இருக்கு பாப்பா," என்றார். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர் அந்தச் சொல்லைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

டப்பாவின் மூடிகளைத் தடவிவிட்டு, "சரி, காலை வேளையை மட்டும் எடுத்துப் பார்க்கிறேன். நீ பக்கத்துல நில்லு. வாயைத் திறக்காத," என்றார்.

அவள் நின்றாள். அவர் விரலால் அறைகளை இடமிருந்து எண்ணினார், திரும்பவும் எண்ணினார். சனிக்கிழமைக் காலை அறையைக் கண்டுபிடித்து மூடியைத் திறந்தார். வட்ட மாத்திரையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினார். சரியான மாத்திரைதான். அதை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தி, அவள் நிற்கும் பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"இதுதானே?"

"அதுதான் அண்ணா," என்றாள்.

"நிஜமாத்தானே சொல்ற?" என்று கேட்டார் அவர். மாத்திரையை இன்னும் வாயில் போடவில்லை.